படியில்லாத கார்

மில்லர்புரம், தூத்துக்குடி
4-4-1949

உடன்குடி ஆஸ்பத்திரி டாக்டர் ஞானபாய் அம்மாள் அவர்களுக்கு,

கம்பெனி சார்பில் எழுதிக்கொள்வது. தங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கார் வேண்டுமென்று சபைக் கமிட்டியார் போன வருஷம் போட்ட மனு பாஸாகி, இந்த வருஷத்துப் புது மாடல் ஃபோர்டு ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. தங்களிடம் இருக்கும் 1938 மாடலைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். மே பத்தாம் தேதிக்குள் சம்மதம் வராவிட்டால் கார் மதுரைப் பார்ட்டிக்குப் போய்விடும்.

கம்பெனிக் கடிதம் இத்துடன் முடிந்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர் என்றார் மானேஜர். நான் போடாமல் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பாவை அடக்கம் செய்த வாரத்தில் அங்கிருந்து கிளம்பியவன், இந்த இரண்டு வருஷத்தில் தங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். அந்தக் காரைக் கண்ணால் பார்த்துத் தொலைத்தேன், அதுதான் வினை. பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த ஜில்லாவில் தாங்கள் ஒருவர்தான். என்ன செய்ய!

பம்பாய்க் கப்பல் வழக்கம்போல ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. கார் ஏற்றுவதற்காக இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பிக்கொண்டு போனோம். கப்பலின் மேல்தட்டிலிருந்து வடத்தில் தொங்கிக்கொண்டு கார் இறங்கியது. கறுப்பில்லை, அக்கா! கடல் பச்சை. முதலில் அடிவயிற்றைத்தான் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவே நமக்குத் தெரிந்த அந்தக் குறுக்கு வில்பட்டையே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனிச் சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதுக்குச் சேதியே போகாது. அப்புறம் முகம். கிரில்லுக்கு நடுவே விமானத்தின் மூக்கு மாதிரி ஒரு குமிழ். மட்கார்டு என்று தனியாக ஒன்று கிடையாது. விளக்கில் தொடங்கிய தகடு வால் வரைக்கும் ஒரே இழுப்பு.

தோணியை நடத்துகிற தண்டல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "ஏலே சுந்தரம், இதுக்கு ஏறுத படி எங்க? கடலுக்குள்ள கழண்டு விழுந்துட்டோ?" என்றார். உண்மையாகவே எட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

விழவில்லை. புட்போர்டு இந்த மாடலில் கிடையாது. கம்பெனியே எடுத்துவிட்டது.

சம்மதத்தை எதிர்பார்க்கும்,
சே. சுந்தரராஜ்

(மேலே ஓரிடத்தில் 'அக்கா' என்று விழுந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை.)


உடன்குடி
9-4-1949

அன்புத் தம்பி சுந்தரத்துக்கு,

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே என்று நோயாளியைக் காக்க வைத்துவிட்டுப் பிரித்தேன். கம்பெனி சார்பில் என்று தொடங்கியதும் கிழித்துப் போடலாமா என்று வந்தது. தங்களாம், அம்மாள் அவர்களாம்! உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறினவளும் இந்த அம்மாள் அவர்கள்தான்.

சரி, காருக்கு வருகிறேன். சுருள் ஸ்பிரிங் என்று படித்தவுடன் எனக்கும் கை பரபரத்தது. அதை மறைப்பானேன்? மருந்து வாங்கும் கடையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்தேன். பார்த்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் சோறு சரியாக இறங்கவில்லை. அது காரா, சோப்புப் பெட்டியா? காருக்குத் தோள் வேண்டும், சுந்தரம். நம் பழைய கார் கறுப்பிக்கு மட்கார்டுதான் தோள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்த இரண்டு தோளும் தெரியும், எந்த இடுக்கிலும் நுழையலாம். எல்லாவற்றையும் வழித்துச் சப்பையாக்கிவிட்டு அழகு என்கிறார்கள்.

போகட்டும், அழகு அவரவர் கண். புட்போர்டை எடுத்தவன் குதிரைமொழித் தேரியைப் பார்த்திருக்கிறானா? எனக்கு வருகிற பிரசவக் கேஸில் பாதி தேரிக்குள்ளிருந்து வருகிறது. பதனிக் காலத்தில் பனையேறிக் குடும்பங்களெல்லாம் அங்கே விடிலி என்று ஓலைக்குடிசை கட்டிக் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்தச் செம்மணல் மேடு நேற்றைக்கு இருந்த இடத்தில் இன்றைக்கு இருக்காது. காற்று தள்ளிக்கொண்டே போகிறது. என்னைக் கூப்பிட வருகிறவர்கள் புட்போர்டில் நின்று, எங்கே மண் இறுகிக் கிடக்கிறது என்று பார்த்து, இடம் வலம் சொல்லித்தான் நான் ஓட்டுகிறேன். பேச்சித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள், பனையேறியின் பெண்சாதி. அப்பாவிடம் காரைக் கேட்டு வாங்கிக் கேஸுக்குப் போன காலத்திலிருந்து, எட்டு வருஷமாக அவள்தான் என் கண். அவள் எங்கே நிற்பாள்? கூரையிலா?

அந்த வேலையை முதலில் பார்த்தவன் நீதானே. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, நீ வெளியே தொத்திக்கொண்டு, "எடம்! எடம்! வலம்!" என்று கத்துவாயே. சட்டை காற்றில் உப்பிக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாக வருவாய்! உன் இடத்தையே எடுத்துவிட்டார்கள், அதை நீயே என்னிடம் விற்க வருகிறாய்.

சம்மதம் இல்லை என்று உன் மானேஜரிடம் சொல்.

உன் அக்கா,
ஞானபாய்


மில்லர்புரம்
13-4-1949

அக்காவுக்கு,

சோப்புப் பெட்டி என்று எழுதிய பாவத்துக்கு இந்தப் பெரிய வியாழனுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்.

உன்னைப்போல இங்கேயும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஷெட்டில் காரை நிறுத்தியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. காயல்பட்டினத்து அபுல் ஹஸன் காக்கா மூன்று நாளாக வருகிறார். அவர் 1932லிருந்து ஒரு மாடல் விடாமல் ஓட்டியவர். முதல் நாள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, குதித்துக் குதித்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "எல்லாம் சோக்காத்தான் இருக்கு தம்பி. நம்ம ஊர் மாப்பிள்ளை ஊர்வலத்துல தோழன்மார் ரெண்டு பக்கமும் எங்க நிப்பாங்க? மாப்பிள்ளையை மட்டும் பெட்டிக்குள்ள பூட்டிக் கொண்டு போவவா?" என்று கேட்டார்.  போகும்போது பானெட்டைத் தடவிவிட்டுப் போனார். பிடிக்கவில்லை என்றால் ஏன் தடவ வேண்டும்?

ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது டாக்டருக்கு அழகா? நாடி பார்க்காமல் மருந்து எழுதுவாயா? உட்கார்ந்து பார். பானெட் தாழ்ந்து அகன்று இருக்கிறது. கறுப்பியில் மூக்குக்கு முன்னால் இருபதடி மண் தெரியாது, இதில் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கிடக்கிற உடைமுள் கூடத் தெரியும். புட்போர்டுக்குக் கொடுத்த அகலத்தையெல்லாம் உள்ளே சீட்டுக்குக் கொடுத்துவிட்டான். இந்த மாடலில் கியர்க் கம்பும் தரையில் முளைக்கவில்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி நிற்கிறது. முன்சீட்டில் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம்.

மானேஜரிடம் பேசி இரண்டு வாரத்துக்குச் சோதனைக்கு வாங்கியிருக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் டிரைவர் செல்வதுரை கொண்டுவந்து விடுவார். பெட்ரோல் கூப்பனும் அவரிடம் இருக்கும். மணலில் ஓட்டு, மேட்டில் ஓட்டு, திட்டிக்கொண்டே ஓட்டு. நான் வரவில்லை. ஏன் என்று கேட்காதே.

நான் சந்தோஷமாக வருவேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நின்றவனை ஒரு தடவையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

சுந்தரராஜ்


உடன்குடி
22-4-1949

அன்புத் தம்பிக்கு,

கார் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி அன்றைக்குத் திருவிழாக் கோலம். காய்ச்சல்காரன்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். என் கம்பவுண்டர் அற்புதமணி, "டாக்டரம்மா, இதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமே இல்லயே. எந்தப் பக்கம் போவும்?" என்றான். அவனைப் பின்னால் நிற்கவைத்து ஸ்டார்ட் செய்து புகையைக் காட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திருச்செந்தூர் ரோட்டில் ஐம்பது மைல் வேகம் போனேன். சக்கரம் பட்ட பாதையெல்லாம் பட்டுத்துணி! ஒரு பள்ளத்தை வேண்டுமென்றே தேடி அதில் காரை இறக்கினேன், இடுப்பில் ஒன்றும் விழவில்லை. மலைத்துப்போனேன். செல்வதுரை பக்கத்தில் இருந்ததால் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லை" என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து அதைக் கறுப்பிக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் மனசு என்னவோ செய்தது. அவளுடைய பெரிய கண்களும் உயர்ந்த மூக்கும்! அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் புட்போர்டில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவார், நினைவிருக்கிறதா? புதியதில் உட்கார இடம் தேடினேன், வழுக்கிவிட்டது. தகட்டில் எங்கே கை வைத்தாலும் வெளியே போ என்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் புதியதை எடுத்தால் கறுப்பி கம்பெனிக்குப் போகிறாள். அங்கேயிருந்து யாரிடம் போகிறாள்? செல்வதுரை வாய் தவறி, "சுந்தரம் சார் மானேஜர்கிட்ட அத எனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்காரு" என்றார். ஓகோ! கடல் பச்சை, சுருள் ஸ்பிரிங், மூன்று பேர் சீட்டு எல்லாம் அதற்குத்தானா? அப்பா உயிலில் காரை என் பெயருக்கு எழுதினார் என்று முறுக்கிக்கொண்டு போனாய். இப்போது கொல்லை வழியாக வருகிறாயா?

காரைக் குற்றம் சொல்லவில்லை. தேரிக்குள் என் கேஸ்களுக்கு அது உதவாது, அவ்வளவுதான். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஞானபாய்


மில்லர்புரம்
25-4-1949

அக்காவுக்கு,

செல்வதுரை வாயில் தையல் போடவேண்டும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. கறுப்பியைக் கேட்டது நான்தான்.

புதியதைப் புகழ்ந்தது அதற்காக இல்லை. அதன்மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கிறது. பழையவள்மேலும் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருக்கக்கூடாதா? நீ மட்டும் ஐம்பது மைலில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழலாமோ?

நீ கேட்காததையும் இப்போது சொல்லிவிடுகிறேன். பதினாலு வயசில் அந்தப் புட்போர்டில் ஏறினேன். முன்சீட்டில் அப்பா பக்கத்தில் நீ, டாக்டருக்குப் படிக்கிற மகள். பின்சீட்டில் மண்டிக்குப் போகிற கருப்பட்டிச் சிப்பம். சிப்பத்துக்கு உள்ளே இடம் இருந்தது, எனக்கு வெளியே. மண்ணள்ளிக் கண்ணில் அடிக்கும். கதவுத் தகடு வெயிலில் கையைச் சுடும். முதல் வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருபது வயசில் மீசையோடு அதே இடத்தில் தொத்திக்கொண்டு ஊருக்குள் வரும்போது சந்தோஷம் இல்லை. இன்ஜினின் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கை அப்பா என் கையில் தந்தது மூன்றே மூன்று தடவை. "ஏலே, நீ வெளிய நில்லு, ஒனக்குத்தான் மண்ணு தெரியும்" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் எட்டு வருஷம் நின்றேன். உயில் படித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கார் யார் பேரில் என்பதில்லை, அக்கா. ஒரு நாளாவது நீ உள்ளேயிருந்து, "தம்பி, நீ வந்து உட்காரு, நான் நிக்கேன்" என்று சொல்வாய் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

காரைத் திருப்பி அனுப்பு. மதுரைப் பார்ட்டி காத்திருக்கிறார்.

சுந்தரராஜ்


உடன்குடி
2-5-1949, திங்கள்

என் பிரியமான தம்பிக்கு,

இன்றைக்குக் காரை அனுப்புவதாகச் சொன்ன நாள். அனுப்பவில்லை. இந்தக் கடிதம் நீளம், பொறுமையாகப் படி. உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு காகிதம் வீணாயிற்று. அப்பா சார்பாக எழுதினேன், என் சார்பாக எழுதினேன், எதுவும் நிற்கவில்லை.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பேச்சித்தாய் ஓடி வந்தாள். அவள் நாத்தனார் செல்லக்கிளிக்கு வலி கண்டு இரண்டாம் நாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒரு கை வெளியே வந்துவிட்டது என்றாள்.  அப்படிப்பட்ட கேஸில் ஒவ்வொரு நிமிஷமும் தாயின் உயிர். இடம் தேரிக்குள் நாலு மைல். கறுப்பியோ உடைமுள் குத்தி இரண்டு டயரும் கழற்றிப்போட்டு நிற்கிறாள். பெட்டியைத் தூக்கிப் பச்சைக் காரில் போட்டேன்.

பேச்சித்தாய் பழக்கத்தில் இடது பக்கம் போய்க் காலைத் தூக்கினாள். வைக்க இடம் இல்லை. முழங்கால் தகட்டில் இடித்தது. குனிந்து பார்த்துவிட்டு, "படி எங்க டாக்டரம்மா?" என்றாள். கதவைத் திறந்து, "ஏளா பேச்சி, உள்ள ஏறு" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தீயில் கை வைக்கச் சொன்ன மாதிரி பின்வாங்கினாள்.

"ஐயய்யோ, கால்ல மண்ணும் பதனியுமா இருக்கு. மெத்த வீணாப் போவும். நா முன்னால ஓடுதேன், நீங்க பின்னால வாங்க."

சொல்லி முடிக்குமுன் ஓடத் தொடங்கிவிட்டாள். நானும் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கூப்பிடவில்லை. அவசரம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, கியரைப் போட்டு அவள் பின்னாலேயே ஓட்டினேன். எழுபது மைல் போகிற எட்டு சிலிண்டர் கார், முன்சீட்டும் பின்சீட்டும் காலி. அதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை மடியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது கையை நீட்டியும் வலது கையை நீட்டியும் வழிகாட்டி ஓடுகிறாள். நான் கண்ணாடிக்குள் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

தேரி தொடங்கும் இடத்தில் அவள் தடுக்கி விழுந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். மணலில் பிரேக்கைத் தொடக்கூடாது என்று உனக்கும் எனக்கும் அப்பா சொல்லாத நாள் இல்லை. சக்கரம் இறங்கிவிட்டது. தப்பு காருடையது இல்லை, என்னுடையது. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் அதற்குள் எழுந்து, பக்கத்தில் நின்ற வடலிப் பனையில் ஓலை வெட்டிச் சக்கரத்துக்குக் கீழே போட ஆரம்பித்துவிட்டாள். முழங்காலில் ரத்தம், மூச்சு இரைக்கிறது. "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வந்துரும், வந்துரும்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள்.

அந்த இடத்தில் உன் கடிதம் எனக்கு முழுசாகப் புரிந்தது, சுந்தரம். காருக்குப் படி இல்லை என்று ஒரு மாசமாகக் கத்தினேனே, யாருக்காகக் கத்தினேன்? அவள் நிற்க இடம் போய்விட்டதாம். கறுப்பிக்கும் கதவு இருந்தது. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கதவை நான் அவளுக்குத் திறந்ததில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றினதும் இல்லை. படி ஒன்று இருந்ததால் என் நல்ல பேர் பிழைத்துக்கொண்டிருந்தது.

"நீ உள்ள ஏறாட்டா நானும் இறங்கி நடக்கேன்" என்றேன். நிஜமாகவே பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் பயந்து போய் ஏறினாள். சீட்டின் நுனியில், எதையும் தொடாமல், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் ஓலையில் ஏறிக் குலுங்கி வெளியே வந்ததும், தன்னையறியாமல் முன்னால் சாய்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"இங்கன இருந்து பாத்தா மண்ணு அம்புட்டும் தெரியுதே!"

நீ எழுதின அதே பானெட்! அதற்கப்புறம் அவளுக்குக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. வெளியே நிற்கும்போது காற்றுக்கு மேல் கத்துவாள், பாதி எனக்குக் கேட்காது. இப்போது வீட்டில் பேசுகிற மாதிரி, "செத்த வலத்த... இன்னுங் கொஞ்சம்... இப்ப விடுங்க" என்கிறாள், நான் விடுகிறேன். ஒரு இடத்தில் பின்பக்கம் வாலை ஆட்டியது. "விடாதீங்க, விடாதீங்க, போங்க!" என்று டாஷ்போர்டைத் தட்டினாள். காளை மாட்டை விரட்டுகிற தட்டு. நான் சிரித்தே விட்டேன். அந்த நாலு மைலை இவ்வளவு வேகமாக நான் கடந்ததே இல்லை.

விடிலிக்குள் நடந்ததை உனக்கு விவரிக்க வேண்டாம். பிள்ளையைத் திருப்பி எடுத்தேன். பெண். இரண்டு நிமிஷம் மூச்சில்லாமல் கிடந்துவிட்டு, தேரியே அதிரும்படி கத்தினாள். இன்னும் கால்மணி தாமதித்திருந்தால் தாய் தங்கியிருக்க மாட்டாள். ரத்தம் நிறையப் போயிருந்ததால் செல்லக்கிளியை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர முடிவு செய்தேன். பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். முன்னால் நான், நடுவில் பிள்ளையை ஏந்திக்கொண்டு பேச்சித்தாய், ஓரத்தில் செல்லக்கிளியின் புருஷன். அவன் முதலில், "நா நடந்து வாரேன்" என்றான். பேச்சித்தாய் என்னை முந்திக்கொண்டு, "ஏலே, பேசாம ஏறு. டாக்டரம்மா இறங்கிருவாவ" என்று அதட்டினாள். கியர்க் கம்பு இடையில் இல்லாத அருமை அப்போது தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் சீட்டைத் தன் முந்தானையால் துடைத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்போது சொன்னாள்: "எட்டு வருசமா ஒங்க வண்டியில தொத்திக்கிட்டு வந்தேன் டாக்டரம்மா. இன்னைக்குத்தான் வண்டியில வந்தேன்."

குத்திக் காட்டவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். அவளுக்காகப் பாதி, கண்ணாடியில் பார்த்துச் சிரித்த ஒருத்திக்காக மீதி.

என்னை மன்னித்துவிடு, தம்பி. அப்பாவுக்காக நான் பேச முடியாது. நான் உள்ளே இருந்தவள். எழுந்து இடம் தந்திருக்கலாம், தரவில்லை.

கமிட்டியின் சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பச்சைக் காரை நான் விடமாட்டேன், உன் மதுரைப் பார்ட்டி வேறு பார்க்கட்டும். தோள் இல்லாவிட்டால் என்ன? இப்போதும் அது சோப்புப் பெட்டிதான், ஆனால் என் சோப்புப் பெட்டி. கறுப்பிக்கு டயர் மாட்டி, தண்ணீர் ஊற்றி, நானே துடைத்து வைத்திருக்கிறேன். அவளை எடுத்துப் போகச் செல்வதுரையை அனுப்பினால் சாவி தரமாட்டேன். நீயே வர வேண்டும். திருச்செந்தூர் பஸ் நிற்கும் இடத்தில் காரோடு நிற்பேன். முன்சீட்டுக் கதவு திறந்திருக்கும்.

உன் அக்கா,
ஞானபாய்


மில்லர்புரம்
5-5-1949

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். கண்ணில் தூசி என்றேன். "இங்கன ஏது தேரி?" என்கிறார் செல்வதுரை. மானேஜர் சம்மதக் கடிதத்தில் முத்திரை குத்தினார். கறுப்பியை எனக்கே தர ஒத்துக்கொண்டார். அபுல் ஹஸன் காக்காவிடம் உன் கதையைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப தோழன்மாரை உள்ள ஏத்திர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு காருக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனார். நீலம் வேண்டுமாம்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பேச்சித்தாயையும் கூட்டிக்கொண்டு வா. அவள் கதவோரம் உட்காரட்டும், மண் பார்க்க வேண்டியவள். நடுவில் நான் இருந்துகொள்கிறேன். கியர்க் கம்புதான் இல்லையே! தேரிக்குள் ஒரு சுற்றுப் போய், நீ பிரேக்கைத் தொடாமல் ஓட்டுகிறாயா என்று பார்க்கிறேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு ஆசை, மறுக்கக்கூடாது. கறுப்பியை நான் ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது, உடன்குடி ஊருக்குள்ளே, கடைத்தெரு வழியாக, ஒரே ஒரு பர்லாங்கு தூரம் நீ புட்போர்டில் நின்று வரவேண்டும். டாக்டர் கோட்டோடு. "எடம்! வலம்!" என்று கத்த வேண்டும். நான் கண்ணாடியில் உன்னைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஒரு பர்லாங்கு போதும், அக்கா. அப்புறம் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கிறேன்.

உன் தம்பி,
சுந்தரம்